டெல்லி வீட்டுக்கு மெத்தை வாங்குவது எப்படி: ஹைப்ரிடா, முழு ஃபோமா?

டெல்லிக்கு வந்த புதிதில் பாயோ மெல்லிய விரிப்போ போட்டுச் சமாளித்துவிடலாம். டிசம்பரில் தரை சில்லிட ஆரம்பித்ததும் மெத்தை வாங்கியே ஆக வேண்டும் என்று தோன்றும். எந்தக் கடையின் இணையதளத்தைத் திறந்தாலும் ஹைப்ரிட், ஃபோம் என்று இரண்டு வகை கண்ணில் படும். ஊரில் இலவம்பஞ்சு மெத்தையும் தென்னைநார் மெத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இரண்டுமே புதிது. முதன்முறை வாங்குபவர்களை மனதில் வைத்து, படிப்படியாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெத்தையின் பெயர் எதுவாக இருந்தாலும், உடம்பில் படுவது மேல் 2 இஞ்ச்தான். அது என்ன பொருள் என்பதையும், உங்கள் கட்டில் எப்படிப்பட்டது என்பதையும் வைத்தே பாதி முடிவு வந்துவிடும்.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முழு ஃபோம் மெத்தையில் அடி முதல் மேல் வரை ஃபோம்தான். அடியில் கெட்டியான பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் இருக்கும். அதற்கு மேலே எச்.ஆர். (ஹை ரெசிலியன்ஸ்) ஃபோம், மெமரி ஃபோம், லேட்டக்ஸ் இவற்றில் ஒன்றோ இரண்டோ வரும். எச்.ஆர். அழுத்தினால் உடனே எழும்பும். மெமரி ஃபோம் கை வைத்த தடத்தை வைத்துக்கொண்டு மெதுவாக எழும்பும். லேட்டக்ஸ் ரப்பர் மாதிரி துள்ளும், விலையும் கூடுதல்.

ஹைப்ரிடில் நடுவில் ஸ்பிரிங், அதற்கு மேலேயும் கீழேயும் ஃபோம். அந்த ஸ்பிரிங் பாக்கெட் ஸ்பிரிங்காக இருக்க வேண்டும், அதாவது ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பைக்குள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் இருப்பது அதிகம் அசையாது. பழைய போனல் ஸ்பிரிங்கில் சுருள்கள் எல்லாம் கம்பியால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். ஒருவர் புரண்டால் மற்றவருக்கும் விழிப்பு வரும். போனல் ஸ்பிரிங்குக்கு மேல் கொஞ்சம் ஃபோம் போட்டு ஹைப்ரிட் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் "பாக்கெட்டா, போனலா?" என்று கேட்டு, பதிலை பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

படி 2: மே மாதத்தையும் ஜனவரியையும் சேர்த்து யோசியுங்கள்

சென்னைக்காரர்கள் மெத்தை வாங்கும்போது வெயிலை மட்டும் பார்த்தால் போதும். இங்கே மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜனவரி இரவில் 7 டிகிரிப் பக்கம் இறங்கும், சில நாள் அதற்கும் கீழே. ஹீட்டரை அணைத்துவிட்டுத் தூங்கும் வீட்டில் அறைக்குள்ளும் நல்ல குளிர் இருக்கும்.

மெமரி ஃபோம் வெப்பத்துக்கு ஏற்பத் தன் கெட்டித்தன்மையை மாற்றிக்கொள்ளும் பொருள். 1960களில் நாசாவுக்காக, விமான இருக்கைகளுக்கென்று உருவானது. கடைக்காரர் நாசா கதையை மறக்காமல் சொல்வார், குளிரில் அது இறுகிப்போகும் என்பதைத்தான் சொல்லமாட்டார். ஜனவரி இரவில் படுத்ததும் பலகை மாதிரி இருக்கும், உடம்புச் சூடு ஏறின பிறகே இளகும். ஜூனில் இதற்கு நேர்மாறு. ஏசி இல்லாத அறையில் அதிகமாக உள்வாங்கி, முதுகைச் சுற்றிச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எச்.ஆர். ஃபோமும் லேட்டக்ஸும் இந்த அளவுக்கு மாறுவதில்லை.

ஆகவே டெல்லிக்கு என் பரிந்துரை இது: ஹைப்ரிடோ ஃபோமோ, மெமரி ஃபோம் இருந்தால் 1 இஞ்சுக்கு மேல் வேண்டாம். இரவு முழுக்க ஏசி ஓடும் வீடு, குளிர்காலத்தில் ஹீட்டர் என்றால் 2 இஞ்ச் வரை போகலாம். "கூல் ஜெல்" என்று எழுதியிருப்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள். படுத்த சில நிமிடங்களுக்குக் குளுமை தெரியும், ஜெல்லும் சூடானதும் அது போய்விடும்.

சூட்டைப் பொறுத்தவரை ஹைப்ரிடுக்கு ஒரு சாதகம் உண்டு. சுருள்களுக்கு நடுவே காற்று நகர இடம் இருப்பதால் முழு ஃபோமைவிட வெக்கை குறைவு. கூலரை நம்பி வாழும் வீடுகளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கூலர் காற்றோடு ஈரத்தையும் சேர்த்து அனுப்புகிறது. ஜூலை, ஆகஸ்ட் மழையில் அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் மெத்தைக்குள் தங்கிவிடும்.

படி 3: கட்டிலைத் திறந்து பாருங்கள்

ஹைப்ரிட், ஃபோம் ஒப்பீடுகளில் பெரும்பாலும் பேசப்படாத விஷயம் இதுதான், டெல்லியில் முக்கியமானதும் இதுதான். இங்கே வாடகை வீட்டில் வரும் கட்டில் பெரும்பாலும் பாக்ஸ் கட்டில். அடியில் பெட்டி, மேலே பிளைவுட் பலகை. கோடையில் ரஜாய் (பஞ்சு வைத்த தடித்த போர்வை), கம்பளி, ஸ்வெட்டர் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். தீபாவளி தாண்டியதும் அவற்றை வெளியே எடுக்க வேண்டும்.

பலகையைக் கையால் தூக்கும் பழைய வகைக் கட்டிலா? அப்படியென்றால் மெத்தையை ஒரு பக்கமாக மடித்துப் பிடித்தால்தான் பலகையைத் திறக்க முடியும். 6 இஞ்ச் ஃபோம் மெத்தையைத் தனி ஆளாகவே மடித்துவிடலாம். ஹைப்ரிடை மடிக்கக் கூடாது, சுருள்கள் வளைந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து முழு மெத்தையையும் தூக்கி நிறுத்த வேண்டும். தனியாக இருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும், ஃபோம் வாங்கிவிடலாம்.

மெத்தையோடு பலகையைத் தூக்கினால் கம்பிகள் தாங்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் கட்டில் என்றால் மடிக்கும் வேலை இல்லை. ஆனால் அந்தக் கம்பிகள் ஒரு குறிப்பிட்ட எடைக்குத்தான் தாங்கும். மெல்லிய ஃபோமுக்குப் பழகிய கட்டிலில் 10 இஞ்ச் ஹைப்ரிடைப் போட்டால் தூக்குவதே பெரிய பாடாகிவிடும், தூக்கினாலும் நிற்குமா என்பது சந்தேகம். மெத்தையின் எடையைக் கேட்டு, கட்டில் செய்தவரிடமோ வீட்டுக்காரரிடமோ பேசிக்கொள்ளுங்கள்.

எந்த வகையாக இருந்தாலும் பிளைவுட் பலகை கீழிருந்து காற்று வர விடாது. மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிப்பது அதனால்தான். ஹைப்ரிட் வாங்கிவிட்டதால் தப்பித்தோம் என்று இருக்க முடியாது. சொந்தக் கட்டில் என்றால் தச்சரிடம் சொல்லிப் பலகையில் ஆங்காங்கே ஓட்டை போட்டு வாங்குங்கள். வாடகைக் கட்டில் என்றால் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, ஃபேனைப் போட்டுவிடுங்கள்.

இப்போது இஞ்ச் டேப். கட்டிலின் உள் அளவை எடுங்கள், சட்டத்தின் வெளி அளவை எடுக்காதீர்கள். குயின் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். நம் நாட்டில் 72க்கு 60, 75க்கு 60, 78க்கு 60 என்று மூன்றுமே குயின்தான். உள்ளூரில் செய்த கட்டில் இதில் எதற்கும் பொருந்தாமலும் இருக்கும். அப்படி இருந்தால் முழு ஃபோம் வசதி, சொன்ன அளவுக்கு வெட்டிக் கொடுப்பார்கள். ஹைப்ரிடில் அது எளிதல்ல.

படி 4: படிக்கட்டு

பில்டர் ஃப்ளோரில் (மாடிக்கு ஒரு வீடாகக் கட்டிய கட்டடம்) மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, திருப்பத்தில் ஒரு ஆள்தான் நிற்க முடியும் என்றால்? புதிதாக வரும்போது இரண்டு வகையும் பெரும்பாலும் சுருட்டிப் பெட்டியில் வரும், ஏற்றிவிடலாம். பிரச்சினை வீடு மாறும்போதுதான். 11 மாத ஒப்பந்தம் முடிந்து கிளம்புகையில் ஃபோமை வளைத்துக் கயிறு கட்டி இறக்கிவிடலாம். விரிந்துவிட்ட ஹைப்ரிட் வளையாது. அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 5: யார் படுக்கப் போகிறார்கள்?

பக்கவாட்டில் படுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும், மேல் அடுக்கு மென்மையாக இருக்கட்டும். மல்லாந்தோ குப்புறவோ படுப்பவர்களுக்கு இடுப்பு தொய்யாமல் தாங்க வேண்டும். உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு ஹைப்ரிட் பெரும்பாலும் நல்ல தேர்வு, மெல்லிய ஃபோம் அவர்களுக்குச் சீக்கிரம் குழி விழும். ஒருவர் ஷிஃப்ட் முடிந்து நடுராத்திரி வந்து படுக்க, மற்றவர் காலை 6 மணிக்கு எழ வேண்டும் என்றால் முழு ஃபோம் நல்லது. அசைவை அது விழுங்கிவிடும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள் என்றால் ஓரத்தைக் கவனியுங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து, கையூன்றித்தான் எழுவார்கள். ஹைப்ரிடின் ஓரம் அநேகமாக உறுதியாக நிற்கும். ஃபோமின் ஓரம் அமுங்கி ஆளைச் சரியவைக்கும். உயரமும் முக்கியம். பாக்ஸ் கட்டிலே உயரமாக இருக்கும், அதன்மேல் 10 இஞ்ச் மெத்தை என்றால் அம்மாவின் கால் தரையைத் தொடாது. கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும்.

முதுகுவலி என்றாலே "கட்டாந்தரையில் படு" என்று வீட்டில் சொல்வார்கள். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வு ஒன்றில், நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில் ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தையும் மறுபாதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். நடுத்தரம்தான் வலியை அதிகம் குறைத்தது. "ஆர்த்தோ" என்று அச்சடித்திருப்பது பெரும்பாலும் கெட்டி என்பதற்கான வியாபாரப் பெயர், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். வலி கடுமையாக இருந்தால் மெத்தைக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

படி 6: டென்சிட்டி கணக்கு

கடையில் "டென்சிட்டி கித்னீ ஹை, பையா?" (டென்சிட்டி எவ்வளவு, அண்ணா?) என்று கேட்டால் 32 அல்லது 40 என்று பதில் வரும். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். இது கெட்டித்தன்மையைக் குறிப்பதில்லை. டென்சிட்டி கூடினால் ஃபோம் அதிக நாள் உழைக்கும், அது மென்மையாகவும் இருக்கலாம், கெட்டியாகவும் இருக்கலாம்.

சொன்ன எண் உண்மையா என்று நீங்களே சரிபார்க்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இஞ்சில் பெருக்கி 61,000ஆல் வகுங்கள். 72க்கு 60, உயரம் 6 இஞ்ச் என்றால் 25,920, வகுத்தால் சுமார் 0.425 கன மீட்டர். 32 டென்சிட்டி என்றால் ஃபோம் மட்டும் சுமார் 13.6 கிலோ, 40 என்றால் 17 கிலோ வர வேண்டும். உறையின் எடை தனி. இணையதளத்தில் போட்டிருக்கும் எடை 11 கிலோதான் என்றால் 40 டென்சிட்டி என்ற பேச்சை நம்ப வேண்டாம். பல அடுக்கு மெத்தையில் இது தோராயமாகத்தான் வரும், ஆனாலும் பெரிய புளுகு பிடிபட்டுவிடும்.

ஹைப்ரிடுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே கேட்க வேண்டியது, சுருளுக்கு மேலே எத்தனை இஞ்ச் ஃபோம், அதன் டென்சிட்டி என்ன என்பது. 2 இஞ்சுக்குக் குறைந்தால் நாளடைவில் ஸ்பிரிங் முதுகில் தெரியும். விலை குறைந்த ஹைப்ரிடுக்கும் நல்ல எச்.ஆர். ஃபோமுக்கும் ஒரே விலை என்றால் நான் ஃபோமைத்தான் எடுப்பேன்.

படி 7: நேரில் படுத்துப் பாருங்கள்

கீர்த்தி நகரிலும், ஆர்.கே. ஆசிரம் மார்க் மெட்ரோவுக்குப் பக்கத்தில் பஞ்ச்குயான் சாலையிலும் மரச்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆன்லைனில் வாங்குவதாக இருந்தாலும் ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள். கையால் அழுத்திப் பார்ப்பது வீண். செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாகப் படுக்கும் வாக்கில் 10 நிமிடமாவது படுங்கள். கூச்சப்பட வேண்டாம், வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் படுக்கிறார்கள். கடையில் ஏசி ஓடும், மெமரி ஃபோம் அங்கே பதமாகவே இருக்கும். உங்கள் அறையின் ஜனவரியை அந்தக் கடையில் சோதிக்க முடியாது என்பது நினைவிருக்கட்டும்.

படி 8: வந்த பிறகு

பெட்டியை உடனே பிரித்துவிடுங்கள், வாரக்கணக்கில் சுருட்டியே வைத்தால் ஃபோம் சரியாக விரியாது. குளிர்காலத்தில் முழுதாக விரிய இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். புது ஃபோமின் வாசனை போக ஜன்னலைத் திறந்து வையுங்கள். தண்ணீர் இறங்காத ப்ரொடெக்டர் ஒன்றை முதல் நாளே போடுங்கள், கறை பட்டால் வாரண்டி இல்லை என்று பல அட்டைகளில் எழுதியிருக்கும்.

அந்த அட்டையில் எத்தனை இஞ்ச் குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்பதைத் தேடிப் படியுங்கள். ட்ரையல் 100 இரவு என்றால் முடியும் தேதியைப் போனில் குறித்துவைத்து, அதற்கு ஒரு வாரம் முன்பே அலாரம் வையுங்கள். திருப்பி எடுக்க யார் வருவார்கள், கட்டணம் உண்டா, பெட்டி இல்லாமல் எடுப்பார்களா என்பதை வாங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய மெத்தையை அதற்குள் கபாடிவாலாவிடம் (பழைய சாமான் வாங்குபவர்) கொடுத்துவிட வேண்டாம். ட்ரையல் முடியும் வரை அது கட்டிலுக்குப் பின்னால் நிற்கட்டும்.