வேலைக்கு ஒரு அனுமதி, வழிக்கு ஒரு அனுமதி: ஊரடங்கில் மலையில் தொழில் பார்த்த விதம்

குன்னூரில் வயரிங், பிளம்பிங் இரண்டும் பார்க்கிறேன். என்னிடம் வேலை பழக வந்திருக்கும் பையன் 2020 கொரோனா ஊரடங்கின்போது பள்ளிக்கூடத்தில் இருந்தவன். "அப்போ எல்லாம் மூடியிருந்துச்சே, எப்படிண்ணே வேலைக்குப் போனீங்க?" என்று கேட்டான். பதில் சொல்லி முடிக்க இரண்டு டீ ஆயிற்று. அவனைப் போலப் புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்காக அதையே படிப்படியாக எழுதி வைக்கிறேன். இன்னொரு ஊரடங்கு வரவே வேண்டாம். ஆனால் பாதையை மறித்துக் காகிதம் கேட்பது மலையில் இன்றும் நடக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் தொழில் திறந்துவிட்டதா என்று பாருங்கள்

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. ஏப்ரல் 15 தேதியிட்ட மத்திய அரசின் வழிகாட்டுதலில் எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர், மோட்டார் மெக்கானிக் எல்லோரும் 20ஆம் தேதி முதல் வேலை பார்க்கலாம் என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களில் நானும் ஒருவன். குன்னூருக்குள்ளேயே இருக்கும் பெட்போர்டு வரைகூடப் போகவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். மே 3 வரை தளர்வே கிடையாது என்று மாநில அரசு முடிவெடுத்திருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஆகவே படிக்கும் வரிசை இதுதான்: மத்திய அரசு உத்தரவு, அதற்குமேல் மாநில அரசு உத்தரவு, அதற்குமேல் நம் கலெக்டர் உத்தரவு. மூன்றில் எது அதிகம் கட்டுப்படுத்துகிறதோ அதுதான் ரோட்டில் செல்லும். மே 4 முதல் தமிழ்நாட்டில் நமக்கு வழி பிறந்தபோதும், நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வெளியே மட்டும், அதுவும் கலெக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு என்றுதான் இருந்தது. வாட்ஸ்அப்பில் வரும் "நாளை முதல் எல்லாம் திறப்பு" செய்தியை நம்பாதீர்கள். உத்தரவின் தேதியும், அந்த உத்தரவில் உள்ள மாவட்டப் பட்டியலும்தான் முக்கியம்.

மாவட்டப் பட்டியல் ஏன் முக்கியம் என்பதற்கு 2021 நல்ல உதாரணம். ஜூன் 7 முதல் 27 மாவட்டங்களில் நம் தொழில்களுக்கு அனுமதி வந்தது. தொற்று குறையாத மீதி 11 மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. எங்களுக்கு இன்னும் ஒரு வாரம் கழித்து, ஜூன் 14 முதல்தான். நீலகிரிக்குக் கீழே இருக்கும் கோயம்புத்தூரும் அந்தப் பதினொன்றில் இருந்ததால் யாரும் யாரைப் பார்த்தும் பொறாமைப்பட வழியில்லை.

இரண்டாம் படி: பழுது வேறு, புது வேலை வேறு

பலர் சறுக்கிய இடம் இது. 2021இல் வந்த அனுமதி, கூப்பிட்டவர் வீட்டுக்குப் போய்ப் பழுது பார்ப்பதற்கு மட்டும். காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை, இ-பதிவோடு (இணையத்தில் நாமே போடும் பயணப் பதிவு). ஒழுகும் குழாய், எரிந்துபோன மெயின் சுவிட்ச், சூடாகாத கீசர் எல்லாம் பழுது. குளியலறையை இடித்து டைல்ஸ் மாற்றுவது பழுது ஆகாது. வீட்டுக்காரர் "வந்ததுதான் வந்தீங்க, அந்த ரூமுக்கும் ஒரு பாயிண்ட் போட்டுடுங்க" என்பார். சிரித்துக்கொண்டே மறுத்துவிட வேண்டும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் இங்கே பழுதுக்கா பஞ்சம்? ஒரு நாளைக்கு மூன்று வீடு வரும்.

மூன்றாம் படி: இரண்டு அனுமதியையும் பிரித்துப் பாருங்கள்

வேலை பார்க்க அனுமதி ஒன்று. அந்த இடத்துக்குப் போய்ச் சேர அனுமதி இன்னொன்று. சமவெளியில் ஒரே மாவட்டத்துக்குள் வேலை பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாமலே போயிருக்கும். மலையில் அப்படி இல்லை. மேட்டுப்பாளையம் கோவை மாவட்டம். பர்லியார் வந்தால் நீலகிரி. கோத்தகிரி வழியில் குஞ்சப்பனை, கூடலூர்ப் பக்கம் நாடுகாணி, கக்கநல்லா என்று எந்த வாசலில் நுழைந்தாலும் சோதனைச் சாவடி.

எனக்குத் தெரிந்த மேட்டுப்பாளையம் தச்சர் ஒருவர், அவர் ஊரில் வாங்கிய தொழில் அனுமதியை மட்டும் காட்டிவிட்டு மேலே வரப் பார்த்தார். சாவடியில் இருந்தவர் மரியாதையாகவே சொன்னாராம்: "இது உங்க ஊர்ல வேலை பார்க்கிறதுக்குங்க. மலை ஏற இ-பாஸ் எங்க?" ரம்பம், உளி எல்லாம் கட்டிக்கொண்டு வந்தவர் அப்படியே இறங்கிப் போனார்.

இ-பாஸும் இ-பதிவும்கூட ஒன்று இல்லை. இ-பாஸ் என்கிற பயண அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் அதிகாரி ஒருவர் பார்த்து அனுமதிப்பார், அல்லது தள்ளுவார். (2020 ஆகஸ்ட் 17க்குப் பிறகு ஆதார் அல்லது ரேஷன் கார்டு விவரத்தோடு கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள்.) இ-பதிவில் நாமே விவரம் கொடுத்துச் சான்றைப் பதிவேற்றிச் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். 2020 செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸ் நீக்கப்பட்டபோதும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காட்டுக்கு அது தொடர்ந்தது.

நான்காம் படி: ஒரு பைல் போடுங்கள்

இதை ஊரடங்கு இல்லாத நாளிலேயே செய்துவைக்கலாம். ஆதார் நகல், வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் ஆகியவை எல்லோரிடமும் இருக்கும். இல்லாதது தொழிலுக்கான சான்றுதான். "நான் பிளம்பர்" என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்?

கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் நல்லது. பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர், பெயிண்டர், கொத்தனார் எல்லோரும் சேரலாம். வயது 18 முதல் 60 வரை. 2020 ஊரடங்கில் அரசு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெயும் கொடுத்தபோது அட்டை வைத்திருந்தவர்கள் கணக்கில் இருந்தார்கள். பதிவைப் புதுப்பிக்காமல் விட்ட என்னைப் போன்றவர்கள் வேடிக்கை பார்த்தோம். வயரிங் வேலைக்கு வயர்மேன் சான்று இருந்தால் அதையும் வையுங்கள். தனியாகத் தொழில் செய்பவர், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் போட்டுக்கொள்ளலாம். 2020 ஜூலை 1 முதல் இருக்கிறது, ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது தரகர்.

ஐந்தாம் படி: படிவம் நிரப்புவது

கைப்பேசி எண் போட்டால் ஓடிபி வரும். எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி, எத்தனை பேர், வண்டி எண், அடையாள எண், காரணம், சான்று. அவ்வளவுதான். ஆனால் பொறுமையாகப் போடுங்கள். ஒருமுறை என் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் மச்சான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சீட்டில் இருந்தது என் வண்டி எண். அரை மணி நேரம் ஓரமாக நின்றேன், தப்பு என்னுடையதுதான். சான்றை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். நம் ஊர் மூடுபனியில் சிக்னலும் சதி செய்யும். அதிகாலையில் போட்டால் சீக்கிரம் ஏறும்.

ஆறாம் படி: ரோட்டில்

சீட்டைப் பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். நனைந்த போனில் க்யூ.ஆர். கோடு காட்டிப் பாருங்கள், புரியும். கூப்பிட்டவரிடமிருந்து வீட்டு முகவரியும் என்ன பழுது என்பதும் ஒரு மெசேஜாக வாங்கிவைத்தேன். சட்டம் அதைக் கேட்கவில்லை, ஆனால் பல கேள்விகளை அது முடித்துவைத்தது. கருவிப் பை கண்ணில் படும்படி இருக்கட்டும். 5 மணிக்கு வீட்டில் இருக்க வேண்டுமென்றால் மூன்றரைக்கே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட வேண்டும்.

இப்போது

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளி வண்டிகளுக்கு மறுபடி இ-பாஸ் வந்தது. இந்த முறை காரணம் தொற்று இல்லை, நெரிசல். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். நீலகிரியில் பதிவான டிஎன்-43 வண்டிக்கு வேண்டாம். மேட்டுப்பாளையத்து டிஎன்-40 வண்டியில் மேலே வேலைக்கு வருகிறீர்கள் என்றால், கிளம்புவதற்கு முன்னால் அப்போதைய விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தத் தச்சர் இப்போது முதல் நாள் ராத்திரியே பாஸ் எடுத்து எனக்கு அனுப்பிவைத்து, "வண்டி நம்பர் சரியா இருக்கா பாருங்க தம்பி" என்கிறார்.