தொட்டியில் உண்ணத்தக்க பூக்கள்: சங்குப்பூவிலிருந்து தொடங்கலாம்

வேப்பம்பூ ரசமும் வாழைப்பூ வடையும் முருங்கைப்பூப் பொரியலும் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் அவையெல்லாம் மரமும் தோட்டமும் உள்ளவர்களுக்கு எளிதில் கிடைப்பவை. மொட்டை மாடியிலோ பால்கனியிலோ நான்கைந்து தொட்டிகளுக்கு மட்டுமே இடம் உள்ளவர்கள் சங்குப்பூ, செம்பருத்தி, பன்னீர் ரோஜா ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுக்கலாம். அழகுக்காக வளர்க்கும் செடிக்கும் உண்பதற்காக வளர்க்கும் செடிக்கும் பராமரிப்பில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: வேரில் ஊற்றுவதும் இலையில் தெளிப்பதும் இறுதியில் நம் தட்டுக்கே வந்து சேரும். ஆகவே மருந்துப் புட்டியைக் கையில் எடுக்கும் முன், அதே கையால் அந்தப் பூவை வாயில் போடுவோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

படி 1: எதை வளர்ப்பது, எதைத் தொடக்கூடாது

வீட்டுத் தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்படும் பூக்களில் பல நஞ்சுள்ளவை. செவ்வரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, எருக்கு, நித்தியகல்யாணி, தமிழகத்தின் மாநில மலரான செங்காந்தள் ஆகியவற்றை எந்த வடிவிலும் சமையலறைக்குக் கொண்டுவரக் கூடாது. பெயர் உறுதியாகத் தெரியாத பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை உண்ணாமல் விடுவதே விதி. பூக்கடையில் வாங்கும் ரோஜாவும் உணவுக்கு ஆகாது. அது உண்பதற்காக விளைவிக்கப்பட்டதன்று, அதன்மீது என்ன மருந்து அடிக்கப்பட்டது என்பதும் நமக்குத் தெரியாது.

நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடியை வாங்கினால், வாங்கிய அன்றைய பூக்களை உண்ண வேண்டாம். வேர் வழியாகச் செடி முழுவதும் பரவும் பூச்சிமருந்துகள் அங்கே பயன்படுத்தப்பட்டிருக்கலாம். மண்ணை மாற்றி, கிளைகளை வெட்டிவிட்டு, புதிய தளிரில் வரும் பூக்களையும் குறைந்தது மூன்று மாதங்களுக்குச் சாமிப் படத்துக்கு மட்டும் வைப்பது என் வழக்கம். இந்தக் காத்திருப்பு வேண்டாம் என்பவர்களுக்கு விதையிலிருந்தோ தெரிந்தவர் வீட்டுக் கிளையிலிருந்தோ தொடங்குவதே சிறந்தது.

படி 2: தொட்டியும் மண்ணும்

ஒவ்வொரு செடிக்கும் 12 அங்குல அகலமும் ஆழமும் உள்ள தொட்டி அல்லது வளர்ப்புப் பை போதும். அடியில் துளைகள் கட்டாயம் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கிய தொட்டியில்தான் வேர் அழுகுகிறது. தொட்டியைத் தரையில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கற்களின் மேல் வைத்தால் நீர் தடையின்றி வடியும், மாடித் தளமும் பாழாகாது.

செம்மண் இரண்டு பங்கு, தேங்காய்நார்க் கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்ற அளவில் கலந்து, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கையும் சேர்க்கவும். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால், அதை நீரில் ஊறவைத்து இருமுறையாவது பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

படி 3: சங்குப்பூ விதைத்தல்

புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்தக் கொடியைத்தான். விதையின் மேல்தோல் கடினமானது. உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்தால் விரைவில் முளைக்கும். ஊறிப் பருத்த விதைகளை ஒரு தொட்டிக்கு மூன்று வீதம், ஓர் அங்குலத்துக்கும் குறைவான ஆழத்தில் ஊன்றவும். ஒன்று முதல் இரண்டு வாரங்களில் முளை தெரியும். அவற்றுள் வலுவான இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்கலாம்.

கொடி ஒரு சாண் உயர்ந்ததும் கயிறோ மூங்கில் குச்சியோ கட்டிவிடவும். நுனியை ஒருமுறை கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பிரிந்து, ஒரே கொடியில் பூக்கும் இடங்கள் பெருகும். சங்குப்பூ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகள் மூலம் தானே பெற்றுக்கொள்ளும். அதனால் உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்குமே தவிர பூ வராது. பச்சைக் காய்கள் தொங்கத் தொடங்கினால் அவற்றை உடனே நீக்குங்கள். காய் முற்ற விட்டால் பூப்பது குறைந்துவிடும். விதைக்காக நான்கைந்து காய்களை மட்டும் விடலாம். விதையும் வேரும் உண்பதற்கு உரியவை அல்ல.

படி 4: செம்பருத்தியும் ரோஜாவும்

ஐந்து இதழ் கொண்ட நாட்டுச் சிவப்புச் செம்பருத்தியே உணவுக்கு ஏற்றது. பென்சில் பருமனுள்ள முதிர்ந்த கிளையை ஒரு சாண் நீளத்துக்குச் சாய்வாக வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகுமாறு நட்டு, நிழலில் வைக்கவும். ஒன்று அல்லது ஒன்றரை மாதத்தில் வேர்விட்டுத் தளிர்க்கும். இது புதுத் தளிரில் பூக்கும் செடி என்பதால் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யத் தயங்க வேண்டாம்.

பன்னீர் ரோஜாவையும் குச்சியிலிருந்து வளர்க்கலாம். ஆனால் பூச்சியும் இலைப்புள்ளி நோயும் அதை ஓயாமல் தேடி வரும் என்பதால், மற்ற இரண்டும் கைவந்த பிறகு அதைத் தொடுவது நல்லது.

படி 5: வெயில், நீர், ஊட்டம்

மூன்று செடிகளுக்கும் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். கத்திரி வெயிலில் மட்டும் பிற்பகலில் நிழல்வலை கட்டுவது உதவும். விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றவும். மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதுமானது. பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்ற இயற்கை ஊட்டக் கரைசல்களைப் பலரும் இலைவழியாகத் தெளிக்கிறார்கள். பூவை உண்ணப் போகிறோம் என்பதால், அவற்றை நீரில் கலந்து மண்ணில் மட்டும் ஊற்றுவதே சரி.

படி 6: பூச்சி வந்தால்

செம்பருத்தியின் தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறதென்றால், மொட்டின் அடியிலும் இலைக்காம்பின் இடுக்கிலும் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக மாவுப்பூச்சி இருக்கும். பாதித்த நுனியை வெட்டி அப்புறப்படுத்தி, மீதியை வேகமான நீரால் கழுவினாலே பாதி அடங்கிவிடும். சங்குப்பூவின் இளந்தளிரில் மொய்க்கும் அசுவினிப் பூச்சிக்கும் இதுவே போதும். அடங்காவிட்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கவும். தெளிக்கும் முன் விரிந்த பூக்களைப் பறித்துவிடுங்கள். அடுத்த ஒரு வாரம் மலர்வனவற்றை உண்ண வேண்டாம். கசப்பு நாக்கில் ஒட்டும்.

படி 7: பறித்தலும் பயன்படுத்தலும்

சங்குப்பூவும் செம்பருத்தியும் பெரும்பாலும் ஒரு நாள் பூக்கள். காலையில் பனி உலர்ந்ததும், வெயில் ஏறும் முன் பறிக்க வேண்டும். செம்பருத்தியில் இதழ்களின் அடியிலுள்ள பச்சைப் புல்லிவட்டத்தைக் கிள்ளி, நடுவிலுள்ள மகரந்தத் தண்டை உருவி எடுத்துவிட்டு இதழ்களை மட்டும் கழுவவும். சங்குப்பூவிலும் பச்சைக் காம்பை நீக்கிவிட்டு, உள்ளே எறும்பு இருக்கிறதா என்று விரித்துப் பார்க்கவும். ரோஜா இதழின் அடியில் உள்ள வெண்மையான பகுதி கசக்கும், அதை நறுக்கிவிடலாம்.

ஐந்தாறு சங்குப்பூக்களின் மேல் ஒரு டம்ளர் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்தால் அடர் நீலச் சாறு இறங்கும். அதில் எலுமிச்சை பிழிந்தவுடன் அது ஊதா நிறமாக மாறுவதைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். முதன்முறை உண்பவர்கள் ஓரிரு பூக்களோடு நிறுத்தி, ஒவ்வாமை இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும், சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்து அருந்தக் கூடாது.

மிஞ்சும் சங்குப்பூக்களை வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். காற்றோட்டமுள்ள நிழலில், பருத்தித் துணியின் மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, விரலால் நசுக்கினால் நொறுங்கும் பதம் வந்த பிறகே கண்ணாடிப் புட்டியில் அடைக்கவும். காம்புப் பகுதி இன்னும் வளைந்தால் மேலும் ஒரு நாள் உலரட்டும்.