18 வயதுக்குள் இருக்கும் பிள்ளையைப் போலீஸ் பிடித்தால்: முதலில் செய்ய வேண்டியவை

"ரெண்டு நாள் உள்ளே கிடந்தாத்தான் புத்தி வரும்" என்று கோபத்தில்கூடச் சொல்லிவிடாதீர்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி ஜாமீன் கொடுப்பதுதான் விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே ஆபத்து, நீதிக்குக் குந்தகம் வரும் என்றால் மட்டுமே மறுக்கலாம். "எங்க பேச்சைக் கேக்கவே மாட்டான்" என்று பெற்றவரே சொன்னால், மறுக்கக் காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஸ்டேஷனில் குழந்தைகள் நலக் காவல் அலுவலரைக் கேளுங்கள். லாக்கப் கூடாது, கைவிலங்கு கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள், 18 வயதுக்குள் இருப்பவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தியாக வேண்டும். எந்த வாக்குமூலத்திலும் பிள்ளை கையெழுத்துப் போட வேண்டாம். "ஒத்துக்கிட்டா இப்பவே வீட்டுக்குப் போகலாம்" என்றால் அந்த வயதில் செய்யாததையும் ஒத்துக்கொள்வார்கள். நாளைக்கு வரப்போவதைவிட இன்றிரவு வீடு போவதே பெரிதாகத் தெரியும்.

போலீஸ் வயதை 19 என்று எழுதிவிடுவதுதான் பெரிய சிக்கல். வயதை முடிவு செய்ய அதே சட்டத்தின் 94ஆம் பிரிவு சொல்லும் வரிசை இது: பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை. அந்தச் சோதனை ஓரிரு வயது முன்பின் காட்டும். ஆதார் இந்த வரிசையில் இல்லை. ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொண்டு நகலைக் கொடுங்கள்.

குழுமத்தில் பொத்தாம்பொதுவாக "பாத்துக்கிறோம்" என்றால் எடுபடாது. காலையில் பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுவார், மாலையில் வீட்டில் யார் இருப்பார் என்று எழுதிக் கொடுங்கள். இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை 7 நாளில் நிறைவேற்ற முடியாவிட்டால், அதை மாற்றுவதற்காகக் குழுமத்தின் முன் மறுபடி நிறுத்த வேண்டும். நன்னடத்தை அலுவலர் பிள்ளையின் குடும்பம், சூழல் பற்றிய சமூக விசாரணை அறிக்கையை 15 நாளுக்குள் தருவார். அவர் வீட்டுக்கு வரும்போது எதையும் மறைக்காதீர்கள்.

விசாரணை முடியும்வரை பிள்ளைகளை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பிவிட்டால், அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் பாதிப்புதான். படிப்பு அறுபடும், சக பையன்களின் மதிப்பே அந்த வயதுக்கு உயிர் என்பதால், அங்கே பெரிய ஆளாகத் தெரிபவனைப் பார்த்துப் பழகுவான். பார்க்கப் போகும்போது "ஏன்டா செஞ்சே" என்று ஆரம்பிக்காமல், தூங்கினானா, சாப்பிட்டானா, யாராவது அடித்தார்களா என்று கேளுங்கள். கையையும் முதுகையும் பாருங்கள். "செத்துடலாம்போல இருக்கு" என்று சொன்னால், அன்றைக்கே கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலைக் குழுமத்துக்கும் அனுப்பி, மனநல ஆலோசகரைக் கேளுங்கள்.

16 வயது நிறைந்தவர்மேல், குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ வரும் குற்றம் சாட்டப்பட்டால் முதற்கட்ட மதிப்பீடு நடக்கும். பெரியவர்போல் வழக்கு நடத்தலாமா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். அதற்கு ஐ.க்யூ. என்ற அறிவுத்திறன் எண் மட்டும் போதாது. விளைவைப் புரிந்துகொள்ளும் திறனையும் சம்பவச் சூழ்நிலையையும் பார்த்தாக வேண்டும். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். உத்தரவின் நகலை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.