சிவப்புச் சீன அலமாரியா? முதலில் பின்பக்கம் போங்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய மரச்சாமான் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் முகப்பைத்தான் காட்டுவார்: சிவப்பு மெருகு, நடுவில் தட்டு அளவுக்கு வட்டப் பித்தளைத் தகடு. "சீனாவின் ஷான்ஸி மாகாணத்துக் கல்யாண அலமாரி, நூற்றைம்பது வருஷம்" என்பார். நான் தலையாட்டிவிட்டு டார்ச்சோடு பின்பக்கம் போய்விடுவேன்.

பின்பலகையில் வில் வில்லாகக் கோடுகள் இருந்தால் அது மெஷின் ரம்பம் அறுத்தது. கைரம்பக் கோடு நேராகப் போகும், ஆனால் சீராக இராது. ஆணிக்குப் பதிலாக மூட்டுகளில் அடித்த மர முளைகளை விரலால் தடவிப் பாருங்கள். மரம் குறுக்குவாட்டில்தான் அதிகம் சுருங்கும். வட்டமாக அடித்த முளை காலப்போக்கில் லேசாக நீள்வட்டமாகிவிடும். ஆணி கண்ணில் பட்டதும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், பிறகு யாராவது ரிப்பேர் செய்திருக்கலாம்.

கதவுகளுக்கு நடுவில் நிற்கும் கட்டை பெரும்பாலும் கழன்று வரும். பல அலமாரிகளில் கதவுக்குக் கீழே ஒரு மறைவறையும் உண்டு. உள்ளே அடிப்பலகையைத் தூக்கினால் தெரியும். அந்த இருட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். முகப்புக்கு மெருகு போடுகிறவர்கள் அதுவரை மெனக்கெடுவது குறைவு.

அடுத்தது பூச்சு. நம் ஊர் அரக்கு பூச்சி தருவது. சீன மெருகு மரத்துப் பால். முந்திரி, சேராங்கொட்டையின் குடும்பம்தான் அந்த மரம். பச்சைப் பால் பட்டால் சேராங்கொட்டை போலவே தோல் கொப்புளிக்கும். அது ஈரக்காற்றில்தான் நன்றாக இறுகும், இறுகியபின் தின்னருக்கு லேசில் மசியாது. ஆகவே கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மறைவான ஓரத்தில், பஞ்சில் ஒரே ஒரு துளி தின்னர் தொட்டுப் பாருங்கள். சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் மேலே இருப்பது புதுப் பெயின்ட். உள்ளே மரம் பழையதாக இருக்கலாம், ஆனால் விலையைக் குறைத்துப் பேசலாம். சித்திரம் தீட்டிய இடத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். என் முதல் அலமாரியில் பஞ்சு சிவந்தபோது அதை வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்தபின் வெயிலும் ஏசிக் காற்றும் நேரே படாத சுவராகப் பாருங்கள். தூசிக்கு மெல்லிய பிரஷ் போதும், ஈரத்துணி வேண்டாம். உப்புத்தாளை எடுக்கவே எடுக்காதீர்கள்: பழைய சிவப்பு சாதிலிங்கமாக இருக்கலாம், அதில் பாதரசம் உண்டு, தேய்த்தால் தூள் மூக்குக்குள் போகும்.

இந்த அலமாரிகளில் முதலில் உளுத்துப்போவது கால்தான், தரை துடைக்கும் தண்ணீரால். சுற்றி ஒரு சாண் விட்டுத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் வாரம் ஒருமுறை இதற்குத்தான் சண்டை.