புகார்களைத் தானாகப் பிரிக்கும் ஷீட்: விநாயகர் கோவில் தெரு ஏன் நாய்த் தொல்லையில் போய் விழுகிறது?

எங்கள் வேலூர் சத்துவாச்சாரி குடியிருப்போர் சங்கத்துக்கு வரும் புகார்கள் எல்லாம் ஒரு கூகுள் ஃபார்ம் வழியாக ஷீட்டில் வந்து விழுகின்றன. தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, நாய் துரத்துகிறது. செயலாளர் சாருக்கு வேண்டியது ஒன்றுதான்: "தம்பி, இந்த மாசம் தண்ணி கம்ப்ளெய்ன்ட் மட்டும் எத்தனைன்னு நம்பர் குடு, கவுன்சிலர்கிட்ட காட்டணும்."

புகார் கொடுப்பவரையே வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் பட்டியலில் முதலில் இருப்பதைத் தொடுவார்கள், மீதிப் பேர் 'மற்றவை'யைத் தொடுவார்கள். அவர்கள் எழுதியதைப் படித்து ஷீட்டே பிரித்துக்கொள்வதுதான் சரிப்படும். அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டாம். ஒரு ஃபார்முலா, ஒரு சொற்பட்டியல் போதும். ஆனால் சொற்பட்டியலைத் தமிழில் போடுவதில் சில வில்லங்கம் இருக்கிறது. இந்தப் பதிவில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

ஃபார்ம் உருவாக்குவது, அதை ஷீட்டோடு இணைப்பது எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முகவரிக்குத் தனிக் கேள்வி, புகாருக்குத் தனிக் கேள்வி. இரண்டையும் ஒரே பெட்டியில் எழுதவிட்டால் பின்னால் அழ வேண்டியிருக்கும்.

படி 1: விதிகளுக்குத் தனி டேப்

ஷீட்டில் 'விதிகள்' என்று புது டேப் திறக்கவும். முதல் நெடுவரிசையில் வகையின் பெயர், இரண்டாவதில் அந்த வகைக்கான சொற்கள். சொற்களுக்கு இடையில் காற்புள்ளி போடக் கூடாது. | என்ற நிமிர்ந்த கோடு போட வேண்டும். அதற்கு 'அல்லது' என்று பொருள்.

குப்பை: குப்பை|குப்பைத்தொட்டி

இதில் இரண்டாவது சொல் வீண். 'குப்பை' என்று கொடுத்தாலே குப்பையை, குப்பைவண்டி, குப்பைத்தொட்டி எல்லாம் அகப்படும். நாம் பயன்படுத்தப்போகும் ஃபார்முலா முழுச்சொல்லைத் தேடாது. எழுத்து வரிசை எங்கே வந்தாலும் பிடித்துக்கொள்ளும். அதன் வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஒரு கோடு மிச்சம் இருந்தால் போச்சு. 'குப்பை|' என்றால் 'குப்பை அல்லது ஒன்றுமில்லாதது' என்று பொருள். ஒன்றுமில்லாதது எல்லா வாக்கியத்திலும் இருக்கிறது. மொத்த ஊரும் குப்பைக்குப் போய்விடும். நடுவில் சொற்களே இல்லாத காலி வரிசை இருந்தாலும் இதே கதைதான்.

படி 2: ஃபார்முலா

'பிரிப்பு' என்று இன்னொரு டேப் திறந்து, இரண்டாம் வரிசையின் முதல் கட்டத்தில் இதைப் போடவும். 'பதில்கள்' என்பது ஃபார்ம் பதில்கள் வந்து விழும் டேப், அதில் சி நெடுவரிசையில் புகார் இருக்கிறது. ஃபங்ஷன் பெயர்களையும் நெடுவரிசை எழுத்துகளையும் (ஏ, பி, சி) ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஷீட்டில் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். முதல் சில எழுத்து தட்டியதுமே முழுப் பெயரும் பட்டியலில் வந்துவிடும். 'புகார்' என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு சின்னப் பெயர் கொடுங்கள்.

=மேப்('பதில்கள்'!சி2:சி, லாம்டா(புகார், இஃப்(புகார்="", "", இஃப்எரர்(இண்டெக்ஸ்(ஃபில்டர்('விதிகள்'!ஏ2:ஏ8, ரீஜெக்ஸ்மேட்ச்(லோயர்(புகார்), 'விதிகள்'!பி2:பி8)), 1), "மற்றவை"))))

பயப்படாதீர்கள். உள்ளேயிருந்து வெளியே படித்தால் எளிது. ரீஜெக்ஸ்மேட்ச் ஒவ்வொரு விதியையும் புகாரோடு ஒப்பிடுகிறது (ரீஜெக்ஸ் என்றால் எழுத்து வரிசையைத் தேடுவதற்கான குறிமுறை). ஃபில்டர் பொருந்திய வகைகளை மட்டும் எடுக்கிறது. இண்டெக்ஸ் அவற்றில் முதலாவதைத் தருகிறது. எதுவும் பொருந்தாவிட்டால் 'மற்றவை'. லோயர் எதற்கென்றால், ஆங்கிலத்தில் எழுதுபவர்களில் சிலர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தட்டுவார்கள். அதனால் விதியில் ஆங்கிலச் சொற்களைச் சின்ன எழுத்திலேயே வைக்கவும்.

மேப் எதற்கு, ஒரு கட்டத்தில் எழுதிக் கீழே இழுத்துவிட்டால் ஆகாதா? ஆகாது. ஃபார்ம் ஒவ்வொரு பதிலுக்கும் புது வரிசையைச் செருகுகிறது. நீங்கள் இழுத்துவிட்ட ஃபார்முலா அந்த வரிசையைத் தாண்டிப் போய்விடும். மேப், லாம்டா இரண்டும் 2022இல் ஷீட்ஸில் வந்தவை. பழைய பாடங்களில் இருக்காது.

முதல்முறை ஓட்டும்போது இஃப்எரரை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். விதிச் சொற்களில் அடைப்புக்குறியை எங்காவது மூடாமல் விட்டிருந்தால் இஃப்எரர் அந்தப் பிழையை வெளியே காட்டாது.

படி 3: சொல்லை எங்கே வெட்டுவது

இங்கேதான் நேரம் போகும். 'தண்ணீர்' என்று விதியில் எழுதுகிறீர்கள். 'தண்ணீர் வரவில்லை' பிடிபடுகிறது. 'தண்ணீரே வரல', 'தண்ணீரில் புழு' இரண்டும் 'மற்றவை'யில் கிடக்கின்றன. ஏன்?

கணினிக்கு 'ர்' என்பது ஓர் எழுத்து இல்லை. ர என்ற எழுத்தும், அதன்மேல் புள்ளியும் தனித்தனிக் குறிகள். 'தண்ணீரில்' என்று எழுதும்போது புள்ளி போய், அந்த இடத்தில் இகரக் குறி வந்துவிடுகிறது. நீங்கள் தேடச் சொன்னது புள்ளியோடு. அதனால் கிடைக்கவில்லை.

தீர்வு: கடைசிப் புள்ளியை அழித்துவிடுங்கள். 'தண்ணீர' என்று எழுதினால் தண்ணீர், தண்ணீரில், தண்ணீருக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். பார்க்க எழுத்துப்பிழை மாதிரி இருக்கும், பரவாயில்லை. குழாய் என்றால் 'குழாய', கால்வாய் என்றால் 'கால்வாய', கரண்ட் என்றால் 'கரண்ட'. (கரண்டியும் மாட்டும். கரண்டியைப் பற்றிச் சங்கத்தில் யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள்.) பேச்சு வழக்கில் எழுதுபவர்களுக்காக 'தண்ணி'யையும் சேர்க்க வேண்டும், அது குறில், இது நெடில், ஒன்று மற்றொன்றைப் பிடிக்காது.

'ம்' என்று முடியும் சொற்களுக்கு இந்த வித்தை போதாது. பள்ளம் என்பது பள்ளத்தில் என்று மாறுகிறது. இரண்டுக்கும் பொதுவாக 'பள்ள' என்று வெட்டினால் 'பள்ளி' வந்து மாட்டும். பள்ளிக்கூட வாசலில் குப்பை என்று ஒருவர் எழுதினால் அது சாலைப் பள்ளமாகிவிடும். மரம் என்பதை 'மர' என்று வெட்டினால் 'கொசு மருந்து அடிக்கவில்லை' என்பதுகூட மரத்தில் ஏறும். ஆகவே 'ம்' சொற்களுக்கு இரண்டு வடிவத்தையும் தனித்தனியே கொடுங்கள்: பள்ளம|பள்ளத்த, மரம|மரத்த, கம்பம|கம்பத்த.

டு, று என்று முடிபவற்றில் பல வேற்றுமையில் இரட்டிக்கும். ரோடு, ரோட்டில். 'ரோட' என்று வெட்டினால் இரண்டும் கிடைக்கும். ஆனால் அந்தச் சொல்லையே நான் விதியில் வைப்பதில்லை. ஆற்காடு ரோடு, காட்பாடி ரோடு, சர்வீஸ் ரோடு என்று வேலூரில் பாதி முகவரி ரோட்டில்தான் இருக்கிறது. முகவரியைத் தனிக் கேள்வியாக வைத்தாலும் ஜனங்கள் புகாருக்குள்ளும் தெருப்பெயரை எழுதத்தான் செய்வார்கள். முகவரியில் வரக்கூடிய சொல் விதிக்கு உதவாது. சாலைக்குப் பள்ளமும் 'குண்டும் குழி'யும் போதும்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். நாய் என்பதை இதே முறையில் 'நாய' என்று வெட்டினீர்கள். நாய்கள், நாயை, நாயால் எல்லாம் சரியாக வருகின்றன. அப்புறம் ஒருவர் எழுதுகிறார்: 'விநாயகர் கோவில் தெருவில் லைட் எரியலை'. ஷீட் சொல்கிறது: தெருநாய். வி-நாய-கர். பிள்ளையார் மன்னிக்கட்டும்.

வேறு மொழிக்காரர்களின் பாடங்களில் இதற்கு 'சொல் எல்லைக் குறி' போடச் சொல்வார்கள். ஷீட்ஸில் அது ஆங்கில எழுத்துக்கு மட்டுமே வேலை செய்யும், தமிழுக்கு ஆகாது. 'பின்னால் க வந்தால் விட்டுவிடு' என்று முன்னோக்கிப் பார்க்கும் குறியும் இந்த ரீஜெக்ஸ் வகையில் இல்லை. ஆனால் சதுர அடைப்புக்குறிக்குள் ^ போட்டால் 'இது தவிர வேறெதுவும்' என்று பொருள். ஆக, நாய[^க] என்று எழுதினால், 'நாய'வுக்குப் பின் க தவிர எது வந்தாலும் எடுத்துக்கொள்ளும். விநாயகர் தப்பித்தார், நாயக்கர் தெருவும் தப்பித்தது. (கீழே முதல் திருத்தத்தைப் படிக்காமல் இதை நகலெடுக்க வேண்டாம்.)

படி 4: வரிசை

முதலில் பொருந்தும் விதியே வெல்லும் என்பதால் எது மேலே இருக்கிறது என்பது முக்கியம். பொதுவான சொல் உள்ள வகை கீழே, குறிப்பான சொல் உள்ள வகை மேலே. 'தண்ணி' எல்லாவற்றிலும் வரும். சாக்கடைத் தண்ணி, மழைத் தண்ணி, கம்பத்தடியில் தேங்கிய தண்ணி. ஆகவே தண்ணீர் கடைசியில் நிற்க வேண்டும். எங்கள் பட்டியல் இப்படி:

சாக்கடை: சாக்கடை|கழிவுநீர|கால்வாய
அடிபம்பு: அடிபம்ப|பம்ப
இரவுத் தொந்தரவு: தண்ணி அடி|தண்ணியடி|குடிச்சிட்ட|குடித்துவிட்ட
தெருநாய்: நாய[^க]
தெருவிளக்கு: விளக்கு|விளக்கி|லைட்
சாலை: பள்ளம|பள்ளத்த|குண்டும் குழி
தண்ணீர்: தண்ணீர|தண்ணி|குடிநீர|காவிரி|குழாய

குப்பையைத் தண்ணீருக்கு மேலே எங்கு வேண்டுமானாலும் செருகுங்கள்; செருகிய பின் ஃபார்முலாவில் வரிசை எண் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் உண்டு. 'மைதானத்தில் ராத்திரி தண்ணி அடிக்கிறாங்க' என்பது குடிநீர் வடிகால் வாரியத்துக்குப் போக வேண்டிய புகார் இல்லை. அதனால் அது தண்ணீருக்கு மேலே. 'தண்ணி அட' என்று நிறுத்தாமல் 'தண்ணி அடி' வரை எழுதியதற்குக் காரணம், 'தண்ணி அடைச்சிருக்கு' என்பவர்களைக் குடிகாரர்கள் ஆக்கக் கூடாது. அடிபம்பில் தண்ணி அடிக்க முடியவில்லை என்று பெரியவர் ஒருவர் எழுதினால் அவரும் அதே பட்டியலில் சேர்ந்துவிடுவார் என்பதால் பம்பு அதற்கும் மேலே. 'லைட்டா மழை பெஞ்சாலே சாக்கடை ரொம்புது' என்பது விளக்குப் புகார் ஆகாமலிருக்கச் சாக்கடை எல்லாவற்றுக்கும் மேலே. 'விளக்க' என்று வெட்டாமல் விளக்கு, விளக்கி என்று இரண்டாகக் கொடுத்தது, 'விளக்கம் வேண்டும்' என்று கேட்பவர்களுக்காக.

படி 5: சோதனை

பழைய புகார்களே 'பதில்கள்' டேப்பில் இருப்பதால் தனியாக மாதிரி தேவையில்லை. 'மற்றவை'யை மட்டும் வடிகட்டிப் படியுங்கள். எந்தச் சொல் விடுபட்டது என்று தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு வகைக்குள்ளும் போய்த் தப்பாக வந்து சேர்ந்தது எது என்று பார்ப்பது. இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. 'மற்றவை' காலியாக இருந்தால் விதிகள் நன்றாக இருக்கின்றன என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஏஐயிடம் கொடுத்தால் அதுவே பிரிக்குமே என்கிறார்கள். பிரிக்கும். ஆனால் ஒரு புகார் ஏன் அந்த வகைக்குப் போனது என்று செயலாளர் கேட்டால், 'விதிகள்' டேப்பைத் திறந்து காட்ட முடிய வேண்டும். அவரே ஒரு சொல்லைச் சேர்க்கவும் முடிய வேண்டும். ஒரு நகருக்கான ஏழெட்டு வகைக்கு இதுவே எனக்குப் பிடித்த வழி. ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டும் (ஷீட்டோடு இணைத்து எழுதும் நிரல்) எழுதலாம். எழுதியவர் வீடு மாறிப் போனால் அதைத் தொட ஆள் இருக்காது.

திருத்தம் 1: நாயர் டீக்கடை பக்கத்தில் குப்பை, நாயுடு தெருவில் தண்ணீர் இல்லை என்ற இரண்டும் தெருநாய்க்குப் போகின்றன என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், நாய[^க] அவற்றைத் தடுக்காது. விலக்கிக்கொண்டே போனால் முடிவில்லை. ஆகவே வேண்டியதை மட்டும் சொல்வதே நல்லது: நாய்|நாயை|நாயா|நாயோ|நாயி. 'நாயும்' இதில் தப்பும். அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டேன்.

திருத்தம் 2: 'கொசு' விதியில் இருந்தும், கண்ணுக்குக் 'கொசு' என்றே தெரியும் புகார் பிடிபடவில்லை என்று இன்னொருவர். ஒகரக் குறியைக் கணினியில் இரண்டு வகையில் சேமிக்கலாம். ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ரீஜெக்ஸுக்குத் தெரியும். லோயருக்குள் புகாரை நேராகக் கொடுக்காமல் சப்ஸ்டிட்யூட் வழியாகக் கொடுங்கள்: யூனிச்சார்(3014)&யூனிச்சார்(3006) வந்தால் யூனிச்சார்(3018) ஆக்கச் சொல்ல வேண்டும். ஓகாரத்துக்கு 3015, 3006 சேர்ந்து 3019. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி ஒட்டியதற்கு மட்டும் இது உதவாது. ஷீட்டுக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றி ஒட்டச் சொல்வதுதான் வழி.

திருத்தம் 3: ஒரே புகாரில் தண்ணீரும் விளக்கும் இருந்தால் இரண்டு வகையிலும் வர வேண்டுமே என்று பலர் கேட்கிறீர்கள். இண்டெக்ஸை எடுத்துவிட்டு ஜாயின்(", ", ஃபில்டர்(...)) என்று போடுங்கள். பொருந்திய வகைகள் எல்லாம் ஒரே கட்டத்தில் வரும். ஆனால் அப்போது வரிசையால் கிடைத்த பாதுகாப்பு போய்விடும். ராத்திரி தண்ணி அடிப்பவர்கள் குடிநீர்க் கணக்கிலும் ஏறுவார்கள். எண்ணும்போது கவுண்ட்இஃப்பில் "*தண்ணீர்*" என்று இருபுறமும் நட்சத்திரம் வைக்க வேண்டும். கவுன்சிலரிடம் காட்டும் எண்ணிக்கைக்கு நான் இன்னும் இண்டெக்ஸ்தான் வைத்திருக்கிறேன்.