கடலோரச் செயற்கைப் புல்தரை: உப்பைக் கழுவிய பிறகே பசை

சென்னையில் திருவான்மியூர், கொட்டிவாக்கம், நீலாங்கரை என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடுகளில், மொட்டை மாடியிலோ முன்பக்கத்திலோ விரித்த செயற்கைப் புல் பெரும்பாலும் இரு துண்டு சேரும் ஜாயின்ட்டில்தான் முதலில் வாய் பிளக்கிறது. அடுத்து ஓரம் சுருள்கிறது. மேலாகப் புதுப் பசை தடவி அழுத்தினால் சில வாரம் நிற்கும், பிறகு அதே இடம் விட்டுவிடும். பசையை மாற்றிப் பயனில்லை. புல் இழைகளைத் தாங்கும் அடித்துணியில் படிந்திருக்கும் உப்பைத்தான் கவனிக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் நடப்பதேதான் இது. கடலோரத்தில் இரவு ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். அதனால் ஒட்டிய இடத்துக்கு அடியில் இரவுதோறும் ஈரப்படலம் உருவாகும்.

முதலில் ரிப்பேருக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலையைத் தூக்கிப் பின்பக்கமாக மடியுங்கள். அடிப்பூச்சு வெடித்துப் பொடியாக உதிர்ந்தால், அந்த விரிப்பில் எந்தப் பசையும் நிற்காது. வெயில் நேராக விழும் இடத்தில் ஒரு புல் இழையை நகத்தால் கிள்ளி முறுக்குங்கள். இழை வளைந்தால் உயிர் இருக்கிறது. பட்டென்று ஒடிந்தால் மாற்றிவிடுவதே லாபம்.

தகுதி இருந்தால், பிளந்த ஜாயின்ட்டின் இரு பக்கமும் 30 செ.மீ. அகலத்துக்குத் தூக்கி மடித்து, பழைய டேப்பையும் பசைக்கட்டியையும் சுரண்டி எடுங்கள். பிறகு விரிப்பின் அடியையும் தரையையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடலோரப் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பானது. அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பையே வைக்கிறோம். மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ போதும், ஆனால் இரண்டு முறை கழுவ வேண்டும். காய்ந்ததும் கறுப்புத் துணியால் அடித்துணியைத் துடைத்துப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்து ஒட்டினால் மூன்றாம் முறையும் கழுவுங்கள். கழுவியும் போகாத கெட்டி வெள்ளைப் படிவு கடின நீரின் சுண்ணாம்பு. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தடவி, 15 நிமிடம் கழித்துப் பிரஷால் தேய்த்து அலசலாம். மார்பிள், மொசைக் மீது மட்டும் வினிகர் படக் கூடாது, தரை அரித்துவிடும்.

ஒட்டும் வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடவே வேண்டாம். காலை ஒன்பதுக்கு மேல் தொடங்கி, கடல்காற்று ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். ஈரம் இருந்தால் பாலியூரிதேன் பசை தண்ணீரோடு வினைபுரிந்து நுரைக்கும், உள்ளே குமிழ் விழுந்து பிடிப்பு போய்விடும். மே மாத வெயிலிலோ விரிப்பின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிச் சூடேறும், பசை தடவி முடிப்பதற்குள் இறுகிவிடும். அப்போது வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் நிழல் கட்டிக்கொள்ளுங்கள்.

இரு விளிம்பையும் பின்பக்கத்திலிருந்து, தையல் வரிசைகளுக்கு நடுவே புது பிளேடால் வெட்டிச் சீராக்குங்கள். முன்பக்கமாக வெட்டினால் இழைகள் அறுந்து, ஜாயின்ட் கோடாகத் தெரியும். இரு துண்டிலும் புல் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். விளிம்புகளுக்கு இடையே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். முட்டிக்கொண்டு நின்றால் வெயிலில் விரிந்து மேடு தட்டும். அடியில் 30 செ.மீ. அகல ஜாயின்ட் டேப்பை விரித்து, இரண்டு பகுதி கலக்கும் பாலியூரிதேன் பசையை ஜாயின்ட் நீளத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிராம் வீதம், விளிம்பில் பற்கள் உள்ள பல்கரண்டியால் இழுங்கள். தண்ணீரில் இளகும் வெள்ளைப் பசை இந்த வேலைக்கு ஆகாது. விளிம்புகளை இறக்கும்போது பசைக்குள் சிக்கும் இழைகளை ஒரு ஆணி முனையால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிடுங்கள். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் ஜாயின்ட் கண்ணுக்குத் தெரியாமல் மறைவது இதில்தான். மேலே பலகை வைத்து, தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேன்களை வரிசையாக ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள்.

கிழிந்த இடத்துக்கோ உருகிய இடத்துக்கோ ஒட்டுப் போடும்போது கடையில் புதுத் துண்டு வாங்கி வைத்தால் நிறம் பளிச்சென்று தனியாகத் தெரியும். பூந்தொட்டிக்கு அடியிலோ சுவர் மூலையிலோ இருந்து பழைய புல்லையே வெட்டி எடுத்துக் கிழிசலுக்கு வையுங்கள், புதுத் துண்டை அந்த மறைவிடத்தில் வையுங்கள். புல் உருகியிருந்தால் எதிரே வெயிலைத் திருப்பியடிக்கும் ஜன்னல் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு வெளிப்பக்கம் திரையோ வலையோ போடாமல் ஒட்டினால் ஒட்டுத் துண்டும் உருகும்.

மண் தரையில் விளிம்பைப் பிடிக்கும் ஆணி 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரண இரும்பாணி சீக்கிரமே துருப்பிடித்து அடித்துணியையும் கறையாக்கும். 304 ரகத்திலும் கடலருகே பழுப்புக் கறை ஏறும். மொட்டை மாடியில் எந்த ஆணியும் கூடாது, வாட்டர்ப்ரூஃபிங் துளைபட்டுக் கீழ் வீட்டுக் கூரை ஒழுகும். அங்கே சுற்றோரம் முழுக்கப் பசைதான். ஓரம் ஒரு சாண் தூக்கியிருந்தாலும், 2016 டிசம்பரில் வந்த வர்தா போன்ற புயலில் காற்று அதற்குள் புகுந்து விரிப்பையே உரித்துவிடும்.

புல் இழைகளுக்கு நடுவே தூவும் நிரப்பு மணலுக்குக் கடற்கரை மணல் வேண்டாம். உப்போடு சிப்பித் துகளும் சேர்ந்து வந்து வடிகால் ஓட்டைகளை அடைக்கும். கழுவிக் காயவைத்த சிலிகா மணல், 0.6 முதல் 1.2 மி.மீ. பருமனில், 35 மி.மீ. உயரப் புல்லுக்குச் சதுர மீட்டருக்கு 5 முதல் 8 கிலோ போதும். இரண்டு மூன்று தவணையாகத் தூவி, ஒவ்வொரு முறையும் புல் சாய்வுக்கு எதிராகப் பிரஷ் போடுங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சில நிமிடம் கழித்தும் தேங்கி நின்றால், அந்த இடத்து விரிப்பைத் தூக்கி அடைபட்ட ஓட்டைகளை 6 மி.மீ. கம்பியைச் சூடாக்கி அடிப்பக்கத்திலிருந்து திறக்கலாம். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரால் அலசுங்கள். கடலுக்கு நேர் எதிரே இருக்கும் வீட்டில் வாரம் ஒரு முறை.