மூன்று மானிட்டருக்குச் சத்தமில்லாத கிராபிக்ஸ் கார்டு: வாங்கும்போது நடக்கும் தவறுகள்

கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் தொடர்ந்து ஓடினால் காது பழகிவிடும். ஓடி நின்று, ஓடி நின்று கொண்டிருந்தால் பழகவே பழகாது. என் மேசையில் மூன்றாவது மானிட்டர் ஏறிய நாளிலிருந்து அப்படித்தான் ஆயிற்று. திரையில் ஒரு எக்செல் ஷீட்டும் பிரவுசரும்தான் இருக்கும். ஆனாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கேபினெட்டுக்குள் விர்ரென்று ஒரு சத்தம் கிளம்பி அடங்கும். இரவு வேலையில் அது தலைவலியாகவே வந்துவிட்டது.

கார்டின் வேகத்தையும் வெப்பத்தையும் காட்டும் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சும்மா இருக்கும்போது 405 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டிய மெமரி கிளாக், அதாவது கார்டின் மெமரி ஓடும் வேகம், 7000-ஐ ஒட்டியே நின்றது. மெமரியின் வேகத்தை மாற்றும் நொடியில் திரை சிமிட்டிவிடக் கூடாது என்பதால், ஒரு ஃப்ரேம் முடிந்து அடுத்தது தொடங்கும் சின்ன இடைவெளியில்தான் கார்டு அதை மாற்றும். ஒரு மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாற்றும்), மற்ற இரண்டும் 60 என்றால் அந்த இடைவெளிகள் ஒன்றாக வந்து சேர்வதில்லை. அதனால் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் மெமரியை இறக்காமல் உச்சத்திலேயே வைத்துவிடுகிறது. கார்டு சூடாகிறது, எந்த வெப்பத்துக்குக் கீழே ஃபேன் தானாக நிற்குமோ அந்த எல்லையை ஒட்டியே வெப்பம் ஏறி இறங்குகிறது. 144-ஐ 120 ஆக்கினேன். மெமரி இறங்கியது, ஃபேன் நின்றது. எல்லாக் கார்டிலும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் செலவில்லாத வைத்தியம் என்பதால் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

இதிலிருந்தே பெரிய தவறு எது என்று தெரிந்துவிடும். கேம் ஆடாதவர்கள்கூட முழு லோடில் எத்தனை டெசிபல் என்று பார்த்துத்தான் கார்டு வாங்குகிறார்கள். கணக்கு, மொழிபெயர்ப்பு, கோடிங் என்று இருப்பவர்களின் கார்டு நாளில் பெரும்பகுதி சும்மாதான் கிடக்கும். நமக்கு வேண்டியது, பல மானிட்டர் மாட்டிச் சும்மா இருக்கும்போது அது எத்தனை வாட் இழுக்கிறது என்ற கணக்கு. டெக்பவர்அப் தளத்தின் விமர்சனங்களில் 'மல்டி மானிட்டர்' என்று இதற்குத் தனி வரியே உண்டு. 2022 டிசம்பரில் ஏஎம்டி நிறுவனத்தின் ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டு வந்தபோது, அந்த வரியில் ஏறத்தாழ 100 வாட் இருந்தது. ஏஎம்டியே இதைத் தெரிந்த குறையாக ஒப்புக்கொண்டு, பின்னால் வந்த டிரைவர்களில் பெருமளவு குறைத்தது. அதனால் வெளியான வாரத்து விமர்சனத்தோடு நின்றுவிடாமல், புதிய டிரைவரோடு சோதித்ததையும் தேடிப் பாருங்கள்.

அடுத்தது, "ஃபேனே இல்லாத கார்டு வாங்கினால் தொல்லை விட்டது" என்ற எண்ணம். பாலிட் நிறுவனத்தின் கால்ம்எக்ஸ் மாதிரி ஃபேனில்லாக் கார்டுகள் நல்லவைதான். ஆனால் கார்டின் சூட்டை வெளியே தள்ள கேபினெட்டில் காற்று ஓட வேண்டும். விமர்சகரின் குளிரூட்டிய அறை வேறு, மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறை வேறு. கேபினெட்டில் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றாவது மெதுவாக ஓடட்டும், அது காதில் விழாது. இன்னொன்று, ஃபேனில்லாத ஜிடி 1030 கார்டுகளில் பெரும்பாலும் இரண்டே போர்ட்தான். மூன்று மானிட்டர்காரர் அதை வாங்கி என்ன செய்வது?

சின்னக் கார்டு என்றால் சத்தம் குறைவு என்று நினைப்பதும் தப்பு. குட்டைக் கார்டுகளின் குட்டி ஃபேன், அதே சூட்டைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும். வருவது கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிய கூர்மையான சத்தம். இடம் இருந்தால், 70 வாட்டில் அடங்கும் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 போன்ற சிப்பை, இரண்டு ஃபேனும் பெரிய ஹீட்சிங்கும் (சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடுகள்) உள்ள வடிவத்தில் எடுங்கள். சும்மா இருக்கும்போது ஃபேன் முழுதாக நிற்குமா என்று மாடல் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ஒரே சிப்பில் ஒரு மாடலில் நிற்கும், இன்னொன்றில் நிற்காது.

போர்ட் விஷயம் சுருக்கம்தான்: பழைய ஹெச்டிஎம்ஐ 1.4-இல் 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், மவுஸ் இழுபடும். டிஸ்ப்ளே போர்ட்டிலேயே மாட்டுங்கள்.

பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால், அதை வீணாக விடுவதும் ஒரு தவறு. கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் அதை இயக்கி, ஒத்துப்போகாத அந்த ஒரு மானிட்டரை மதர்போர்டில் மாட்டிவிட்டால், கார்டுக்கு ஒரே மாதிரியான இரண்டு மட்டும் மிஞ்சும். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் இந்த வழி கிடையாது.

புதுக் கார்டு வந்ததும் எல்லா மானிட்டரையும் மாட்டி, எதையும் திறக்காமல் அரை மணி நேரம் விட்டு மெமரி கிளாக்கைப் பாருங்கள். இறங்கியிருந்தால் சரி. இல்லையென்றால் ஒவ்வொரு மானிட்டராகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது இறங்குகிறதோ, அதன் ஹெர்ட்ஸில்தான் கை வைக்க வேண்டும்.